ஸ்டர்ஜன் குப்பிகளை எடுத்தது நான்தான்

என் பெயர் லெஸ்யா வொரோனா. வயது நாற்பத்து மூன்று. கனடாவின் மானிடோபா மாகாணம், வினிபெக் நகரம், செல்கிர்க் அவென்யூ, 418ஆம் எண் வீட்டின் மாடியில் குடியிருக்கிறேன். ஆற்றங்கரை மருத்துவ ஆய்வகத்தில் கணினிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இதற்கு முன் என்மீது வழக்கு எதுவும் கிடையாது. பனி அள்ளும் நாளில் தெருவில் வண்டியை நிறுத்தியதற்கு அபராதம் கட்டியிருக்கிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன். காவல்துறை சார்ஜென்ட் டேரல் ஹூபர்ட் கேட்க, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் இதைச் சொல்கிறேன். வக்கீல் வேண்டுமா என்று கேட்டார். இப்போதைக்கு வக்கீல் வேண்டாம், சீக்கிரம் எழுதி முடித்தால் போதும் என்று சொன்னேன்.

மருந்துக் குப்பிகள் இருந்த பெட்டியை எடுத்தது நான்தான். அதை மறுக்கவில்லை. ஏன் எடுத்தேன் என்பது புரிய வேண்டுமானால் என் வேலை என்ன என்பது புரிய வேண்டும். சுருக்கமாகச் சொல்லும்படி சார்ஜென்ட் கேட்டுக்கொண்டார். சுருக்கினால் நீதிபதிக்குப் புரியாது, புரியாமல் ஒரு உத்தரவு போட்டால் தண்டனை எனக்கு மட்டும் இருக்காது, ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் ரெமி டெசார்லேக்கும் சேர்த்துத்தான் என்று சொன்னேன். அந்தக் குப்பிகள் அவருக்காகச் செய்யப்பட்டவை.

பெப்டைட் என்பது புரதத்தின் சின்னத் துண்டு. இருபது வகை மணிகளில் இருந்து பொறுக்கிக் கோத்த குட்டைச் சரம் என்று வைத்துக்கொள்ளலாம். எந்த மணியை எங்கே கோத்தால் அந்தச் சரம் கிருமியின் தோலில் ஓட்டை போடும், மனிதரின் ரத்த அணுவைத் தொடாமல் விடும் என்று கணினியில் தேடுவதுதான் எனக்குச் சம்பளம் கொடுக்கப்படும் வேலை. கிருமியின் தோலில் எதிர்மின்னேற்றம் அதிகம். எங்கள் சரங்களில் நேர்மின்னேற்றம் அதிகம். ஆகையால் இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். நம் ரத்த அணுவின் வெளித்தோலில் அந்த இழுப்பு அநேகமாக இல்லை. இந்த ஒரு வித்தியாசத்தை நம்பித்தான் எங்கள் பிழைப்பு ஓடுகிறது. ஒரு சரம் கிருமித் தோலின்மேல் குப்புறப் படுத்து, மெல்லச் சாய்ந்து, பக்கத்துச் சரங்களையும் கூட்டிக்கொண்டு உள்ளே இறங்குவதைத் திரையில் பார்ப்பது எனக்கு இன்றுவரை அலுக்கவில்லை. கைப்பேசியில் காட்டட்டுமா என்று சார்ஜென்டிடம் கேட்டேன். வேண்டாம் என்றார். அதன் பிறகு வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

கணினி ஆட்களான எங்களுக்கு மூன்றாம் மாடி. சோதனை மேசை ஆட்களுக்குக் கீழ்த்தளம். நாங்கள் சரத்தை எழுத்தாகக் கீழே அனுப்புவோம், அவர்கள் விடையை எண்ணாக மேலே அனுப்புவார்கள். ஒருவர் இடத்துக்கு இன்னொருவர் போவது வழக்கமில்லை. கீழே சோதனை செய்பவர் ஆபே பென்னர். ஸ்டைன்பாக் ஊர்க்காரர், நிதானமான மனிதர், முன்பு பால் பண்ணை ஆய்வகம் ஒன்றில் இருந்தவர். லிஃப்டில் பார்த்தால், “மேல்மாடி மகாராணி, கீழ எறங்கினா கால் தேஞ்சிடுமா?” என்பார். “உங்க தளத்துல நாத்தம் கொடலப் புடுங்குது ஆபே” என்பேன். கிருமி வளர்க்கும் இடம் என்பதால் நாற்றம் உண்மைதான்.

எங்கள் ஆய்வகத்தில் சோதனையில் தேறாத பெப்டைடுக்கு வெறும் எண். தேறியதற்கு மட்டும் ஏரி மீனின் பெயர் வைப்போம். போன நவம்பரில் என்னுடைய சரம் ஒன்று தேறியது, அதற்கு ஸ்டர்ஜன் என்று பெயர் வைத்தார்கள். கிருமியைக் கொல்லும் அளவில் கொடுத்துப் பார்த்தபோது ஒரு ரத்த அணுகூட உடையவில்லை என்று ஆபேயிடமிருந்து விடை வந்தது. ஆபே கசகசா ரொட்டி வாங்கிவந்து எல்லோருக்கும் கொடுத்தார். எல்லோரும் சந்தோஷமாகச் சாப்பிட்டார்கள், எனக்கு மட்டும் எரிச்சலாக இருந்தது. ஏனென்றால் அந்த அளவில் ஸ்டர்ஜன் ரத்த அணுக்களில் கணிசமானதை உடைக்கும் என்று என் கணினி சொல்லியிருந்தது. என் கணக்கைவிட மோசமான விடை வருவது எனக்குப் பழகிப்போன சங்கதி. கணக்கைவிட நல்ல விடை வந்தால்தான் எனக்குச் சோறு இறங்காது. எங்கள் தலைவர் டாக்டர் ஐரீன் மக்லெனனிடம் போய் இதைச் சொன்னேன். “நல்லது வந்தா வாங்கிக்க லெஸ்யா. அதையும் ஏன் போய் நோண்டுற?” என்றார். கணினியில் எங்கே தப்பு என்று நான் இரண்டு மாதம் நோண்டினேன். தப்பு கணினியில்தான் இருக்கும் என்பதில் எனக்கும் சந்தேகம் வரவில்லை.

அதன் பிறகு டிசம்பரில் ரெமி டெசார்லேயின் சேதி வந்தது. அவர் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுபவர். முழங்கால் மாற்று அறுவையில் புகுந்த கிருமி ரத்தத்தில் கலந்து, ஆஸ்பத்திரியில் இருந்த எந்த மருந்துக்கும் மசியவில்லை. அவருடைய கிருமியை வாங்கி ஆபே ஸ்டர்ஜனுக்குக் கொடுத்துப் பார்த்தார், செத்தது. ஸ்டர்ஜனைப் புண்ணில் பூசுவதற்காகத்தான் நாங்கள் செய்திருந்தோம், எலிகளுக்கும் தோலில் பூசித்தான் பார்த்திருந்தோம். வேறு வழியில்லாத நோயாளி என்பதால் இவருக்கு மட்டும் நரம்பில் ஏற்றலாம் என்று அரசாங்க அனுமதி கிடைத்தது.

ரெமிக்கு ஒரு அக்கா. பெயர் கொலெட் டெசார்லே, செயின்ட் போனிஃபேஸில் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர். என்மீது புகார் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். கிறிஸ்துமஸுக்கு முன் ஒருநாள் பன்றிக்கறி அடைத்துச் சுட்ட பை என்ற பலகாரம் இரண்டு செய்து எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்கு வந்தார். மருந்து செய்தவரைப் பார்க்க வேண்டும் என்றார், என்னைக் காட்டினார்கள்.

“இது போய் எப்படிங்க ஓட்ட போடும்? பல்லா இருக்கு அதுக்கு?” என்று கேட்டார்.

“பல்லில்லைங்க, சோப்பு மாதிரி. பாதி தண்ணியோட சேரும், பாதி எண்ணெயோட சேரும். கிருமியோட தோல் எண்ணெய்தானே.”

“அப்ப என் தம்பி ஒடம்புல இருக்கறது மட்டும் என்ன, மேப்பிள் பாகா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவரும் சிரித்தார். இரண்டு எண்ணெய்க்கும் உள்ள வித்தியாசத்தைப் படம் போட்டுக் காட்டினேன். ஒரு மணி நேரம் இருந்து கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். போகும்போது, “அவன் ஒரு கோமாளிங்க. புள்ளைங்க எறங்கும்போது ஒவ்வொருத்தருக்கும் ஒரு பட்டப்பேரு சொல்லித்தான் எறக்குவான். எப்படியாச்சும் பொழைக்க வச்சிடுங்க” என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

நேற்று, ஜனவரி பதினான்காம் தேதி நண்பகலில், குப்பிகளை எடுத்துப்போக ஆஸ்பத்திரி மருந்தகத்தின் வண்டி வருவதாக ஏற்பாடு. காலையில் நான் கீழ்த்தளத்துக்குப் போனேன். ரத்தச் சோதனையை ஒரு முறை முதலில் இருந்து செய்து காட்டும்படி ஆபேயைக் கேட்டேன். கணினியைக் குடைந்து அலுத்துப்போனதால், சோதனை எப்படித்தான் நடக்கிறது என்று கண்ணால் பார்த்துவிடலாம் என்று தோன்றியது, அவ்வளவுதான். “மாப்பிள்ள பொண்ண கூட்டிட்டுப் போக வாசல்ல வந்து நிக்கப் போறான், இப்பப் போய் ஜாதகம் கேக்கறியே” என்று ஆபே கேலி செய்தார். ஆனாலும் செய்து காட்டினார். குழிகள் உள்ள தட்டு ஒன்றை எடுத்து, பெப்டைட் கரைத்த தண்ணீரைக் குழிகளில் விட்டார். தட்டு பளிங்கு மாதிரி இருந்தது.

“இது கண்ணாடியா?” என்று கேட்டேன்.

“கண்ணாடிக்கு எவன் காசு தருவான்? பிளாஸ்டிக்.”

“எந்தப் பிளாஸ்டிக்?”

ஆபேயின் கை அப்படியே நின்றது. தட்டுகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று பால் நிறம், கலங்கலாக இருக்கும். இன்னொன்று தெளிவானது. தெளிவான தட்டின் சுவரில் எதிர்மின்னேற்றம் உண்டு, ஆகவே கிருமித் தோலில் ஒட்டுவதுபோல எங்கள் சரங்கள் அந்தச் சுவரிலும் போய் ஒட்டிக்கொள்ளும். பால் நிறத் தட்டில் அநேகமாக ஒட்டாது. இது எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரியும், தட்டை நேரில் பார்த்ததில்லை. கீழே இருப்பவர்களுக்குத் தெரியாமலா இருக்கும் என்று நான் எழுதி அனுப்பவில்லை. ஆபேக்கும் யாரோ எப்போதோ சொல்லியிருக்கிறார்கள், பால் நிறத் தட்டுதான் பயன்படுத்தி வந்திருக்கிறார். போன இலையுதிர் காலத்தில் அது தீர்ந்துபோய், தெளிவான தட்டு வந்து சேர்ந்திருக்கிறது. நிறத்தை அளக்கும் கருவிக்குத் தெளிவான தட்டுதான் வேண்டும் என்பதால், இனி தட்டு மாற்றி ஊற்றும் வேலை மிச்சம் என்று அவர் சந்தோஷப்பட்டிருக்கிறார். மருந்தெல்லாம் சுவரில் போய் ஒட்டிக்கொண்டிருக்க, தண்ணீரில் மிஞ்சிய கொஞ்சநஞ்சத்தைத்தான் ரத்தம் பார்த்திருக்கிறது. அணு எப்படி உடையும்?

ஆபே, “அட கடவுளே” என்றார்.

அதன் பிறகு நாங்கள் இருவரும் டாக்டர் மக்லெனனிடம் ஓடினோம். அவர் கெட்டவர் இல்லை என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். ரெமி இன்னும் இரண்டு நாள் தாங்குவாரா என்பதே சந்தேகம் என்று அன்று காலைதான் அவருக்கு ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

“ஒரு மணி நேரம் குடுங்க டாக்டர், வேற தட்டுல பாத்துடறோம்” என்றேன்.

“தாராளமா பாரு. பொட்டி போகட்டும். தப்பா வந்துச்சுன்னா போன் பண்ணி நிறுத்திக்கலாம்.”

“நரம்புல ஏத்தினதுக்கப்புறம் போன் பண்ணி என்ன ஆகப் போவுது?”

“உன் சந்தேகம் தப்பாயிருந்து அதுக்குள்ள அவரு போயிட்டாருன்னா? அவங்க அக்காவுக்கு நீ பதில் சொல்றியா?”

வெளியே வந்து ஆஸ்பத்திரி டாக்டரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். அறுவை அறையில் இருக்கிறார், சொல்லிவிடுகிறோம் என்றார்கள். அதன் பிறகு நான் குளிர்பதனப் பெட்டியைத் திறந்து குப்பிகள் இருந்த பெட்டியை எடுத்துக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு வாகன நிறுத்தத்துக்குப் போனேன். எங்கே போவது என்று தெரியாது. அந்தப் பெட்டி ஒரு மணி நேரம் யார் கையிலும் கிடைக்கக் கூடாது, அது ஒன்றுதான் மனதில் இருந்தது. வண்டியைக் கிளப்பினேன். இன்ஜின் உறைந்துவிடாமல் இருக்க மின்சாரத்தில் செருகியிருந்த ஒயரைப் பிடுங்க மறந்துவிட்டேன். அது பிளக் பலகையோடு பிய்ந்து, தடதடவென்று பின்னால் இழுபட்டுக்கொண்டே வந்தது. இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள் செய்கிற காரியமா என்று வெட்கமாக இருந்தது. உள்ளே நுழைந்துகொண்டிருந்த மருந்தக வண்டிக்காரர் அதைப் பார்த்துக் கையசைத்து நிறுத்தச் சொன்னார். நான் நிறுத்தாமல் எதிரே இருந்த டோனட் கடையில் போய் உட்கார்ந்தேன். தலைமறைவாக ஓடினேன் என்று புகாரில் இருப்பது சரியல்ல, தெருவைத்தான் தாண்டினேன்.

ஆய்வகத்திலிருந்து தகவல் போய் சார்ஜென்ட் ஹூபர்ட் வந்தபோது பெட்டி என் மடியில் இருந்தது. மருந்தக வண்டியோடு வந்திருந்த கொலெட் அவருக்கு முன்பே உள்ளே ஓடிவந்தார்.

“என் தம்பி அங்க மூச்சுக்கு இழுத்துக்கிட்டு கெடக்கான், நீ இங்க காபி குடிக்கிறியா? உனக்குப் பன்னிக்கறி பை செஞ்சு குடுத்தேனேடி!” என்று கத்தினார்.

கடையே திரும்பிப் பார்த்தது. நான் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. சார்ஜென்ட் பெட்டியை வாங்கி, அதில் ஆறு குப்பிகள் இருப்பதை எண்ணிப் பார்த்து, சாட்சிப் பொருள் என்று முத்திரை வைத்தார். அதைப் பார்த்ததும் கொலெட் அவரிடமும் சண்டைக்குப் போனார். அந்த நேரத்தில் ஆபே மேல்கோட்டுகூட இல்லாமல் பனியில் ஓடிவந்தார். முன்பு சோதனைக்கென்று செய்த பழைய தூள் பாட்டிலின் அடியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஒரு மணி நேரம் பொறுத்தால் எல்லோரும் கண்ணால் பார்க்கலாம் என்றார். யாருடைய ரத்தத்தில் பார்ப்பீர்கள் என்று கொலெட் கேட்டார். வாங்கி வைத்திருக்கும் ரத்தம் இருக்கிறது என்றார் ஆபே.

“என்னுத எடுங்க. அவனுக்கும் எனக்கும் ஒரே குரூப்பு. அப்பத்தான் நம்புவேன்” என்று கொலெட் சட்டைக் கையைச் சுருட்டினார்.

எல்லோரும் தெருவைத் தாண்டி ஆய்வகத்துக்குப் போனோம். எங்கள் மருத்துவ அறைச் செவிலியர் ரத்தம் எடுத்துக் கொடுத்தார். ஆபே ஒரே மருந்தை, ஒரே அளவில், இரண்டு தட்டிலும் விட்டு ரத்தத்தைச் சேர்த்தார். காத்திருந்த நேரத்தில் எனக்குப் பயமாக இருந்தது. என் சந்தேகம் தப்பு என்று வந்தால் ஒரு உயிரின் நேரத்தைத் திருடியவள் ஆவேன். சரி என்று வந்தாலும் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. இதை எண்ணிக்கொண்டிருந்தபோதே, விடை என்ன என்று தெரிந்துகொள்ளும் ஆசையும் உள்ளுக்குள் இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

தெளிவான தட்டில் அணுக்கள் அடியில் சின்னப் பொட்டாகப் படிந்து, மேலே தண்ணீர் சுத்தமாக நின்றது. பால் நிறத் தட்டில் இருந்ததை ஆபே கண்ணாடிக் குழாயில் ஊற்றினார். அடியில் ஒன்றும் படியவில்லை. அணுக்கள் எல்லாம் உடைந்து, மேலிருந்து கீழ்வரை கிரான்பெரிச் சாறு மாதிரி சிவப்பாக இருந்தது. சார்ஜென்டும் குனிந்து பார்த்தார்.

கொலெட் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார். “இதையா ஏத்தறதா இருந்தீங்க?”

“ஆமா.”

“இதே அளவா?”

“இதே அளவுதான்.”

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். “அப்ப அவனுக்கு வேற ஒண்ணுமே இல்லையாம்மா?” என்றார். அவர் திட்டியபோதுகூட எனக்கு இவ்வளவு வலிக்கவில்லை.

அவர் கேட்டதையே நினைத்துக்கொண்டு அந்த இரண்டு தட்டையும் மாறி மாறிப் பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது. ஆபே கிருமியைக் கொன்று பார்த்ததும் இதே தெளிவான தட்டில்தானே! அங்கேயும் மருந்து சுவரில்தான் ஒட்டியிருக்கும். அப்படியென்றால் தண்ணீரில் மிஞ்சிய கொஞ்சநஞ்சமே ரெமியின் கிருமியைக் கொன்றிருக்கிறது. தட்டு பொய் சொல்லவில்லை. நாங்கள் கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்த அளவை அது பார்க்கவே இல்லை. இதைச் சொன்னதும் ஆபே, “அப்ப நம்ம மீனு நாம நெனச்சதவிட பெரிய மீனு” என்று சொல்லிக்கொண்டே பால் நிறத் தட்டுகளை எடுத்தார். மிச்சத் தூள் முழுவதையும் கரைத்து, பாதி, அதில் பாதி என்று அளவைக் குறைத்துக்கொண்டே போய், ஒரு வரிசையில் ரெமியின் கிருமியையும் இன்னொரு வரிசையில் கொலெட்டின் ரத்தத்தையும் வைத்தார். கிருமி வளர்வதற்கு ஒரு இரவு வேண்டும். சார்ஜென்ட் என்னைக் கைது செய்து இங்கே அழைத்துவந்தார்.

இன்று காலை ஆபே காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசினார். முன்பு குறித்த அளவில் பதினாறில் ஒரு பங்கிலேயே கிருமி செத்துவிட்டது. அதே அளவில் ரத்த அணுக்கள் அப்படியே இருக்கின்றன. ஆஸ்பத்திரி டாக்டரும் படங்களைப் பார்த்துவிட்டு, இந்தக் குறைந்த அளவில் கொடுக்கத் தயார், மேலிடத்தின் சம்மதத்தையும் வாங்கிவிட்டேன் என்று சொல்லியிருக்கிறார். நரம்பில் ஏற்றும் பையும் குழாயும் எந்தப் பிளாஸ்டிக் என்று பார்த்து வைக்க ஆபே அங்கே போயிருக்கிறார். கொலெட் தன் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். டாக்டர் மக்லெனனும் பேசினார். “நீ சொன்னதுதான் சரி லெஸ்யா. ஆனா கேஸு இப்ப என் கையில இல்ல” என்றார்.

இப்போது மருந்துதான் இல்லை. பழைய தூள் நேற்றோடு தீர்ந்தது. புதிதாகச் செய்து, சுத்தம் செய்து, சோதித்து முடிக்க மூன்று வாரம் ஆகும். ரெமிக்கு மூன்று வாரம் கிடையாது. உலகத்தில் இருக்கிற ஸ்டர்ஜன் முழுவதும் இந்தக் கட்டடத்தின் சாட்சிப் பொருள் அறையில், முத்திரை வைத்த பெட்டியில் இருக்கிறது. வழக்கு முடியும்வரை நீதிமன்ற உத்தரவு இல்லாமல் முத்திரையை உடைக்க முடியாது என்று சார்ஜென்ட் சொல்கிறார். அது சட்டம், அவர்மேல் எனக்கு வருத்தமில்லை.

கொடுத்தால் பிழைத்துவிடுவாரா என்று சார்ஜென்ட் கேட்டார். தெரியாது. தட்டில் நடப்பதெல்லாம் உடம்பில் நடக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், சத்தியம் செய்கிற ஆளாக இருந்தால் நேற்று நான் கீழ்த்தளத்துக்கே போயிருக்க மாட்டேன். கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஆகவே நீதிபதி அவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இது. நான் எடுத்தேன், ஒப்புக்கொள்கிறேன். எந்தப் பிரிவில் வேண்டுமானாலும் வழக்கு நடத்துங்கள், தப்பிக்கப் பார்க்க மாட்டேன். அளவு குறைந்துவிட்டதால் ஒரு குப்பியே அவருக்குப் போதும். பெட்டியில் இருப்பது ஆறு. நான் திருடி என்று நிரூபிக்க ஐந்து போதாதா?

நான் சொன்னவை என் கண்ணால் கண்டவை, என் கையால் செய்தவை. கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. சார்ஜென்ட் முழுவதையும் வாசித்துக் காட்டினார், சரியாக இருக்கிறது என்று கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) லெஸ்யா வொரோனா
வினிபெக், ஜனவரி 15

பதிவு செய்தவர் குறிப்பு: மேற்படி வாக்குமூலம் நீதிபதிக்குத் தொலைபேசியில் முழுவதுமாக வாசிக்கப்பட்டது. அவருடைய உத்தரவின்படி முத்திரை உடைக்கப்பட்டு, வாசலில் காத்திருந்த கொலெட் டெசார்லேயின் முன்னிலையில் ஒரு குப்பி மருந்தகப் பணியாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. சாலையில் பனி அதிகமாக இருந்தபடியால் காவல் வண்டி ஆஸ்பத்திரிவரை முன்னால் சென்றது. மீதி ஐந்து குப்பிகள் இருப்பில் உள்ளன. வழக்கு நிலுவையில் உள்ளது.

(ஒப்பம்) டேரல் ஹூபர்ட், சார்ஜென்ட்